நாலரைச் சுற்று

ஆவணி 12, வியாழன்

மேகமூட்டம். தூறல் இல்லை. சதுர்த்திக் கொழுக்கட்டை ஆறு மிச்சம். அதுவே காலை டிபன்.

மகள் மகேசுக்கு வளைகாப்பு வரும் புதன். மருமகன் வத்தல்மலையில் வாத்தியார், குடித்தனமும் மலைமேல்தான். கட்டுச்சோறு ஏழு வகை நாம் கொண்டுபோக வேண்டும். வளையல் போட்டதும் மகளை அழைத்துக்கொண்டு இறங்க வேண்டும். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. தவறக் கூடாது.

போவது இவருடைய பழைய காரில். நீள மூக்கு, பெரிய இன்ஜின். தெருப் பையன்கள் ‘மசில் கார்’ என்று நின்று போட்டோ எடுக்கிறார்கள். சமதளத்தில் ராஜா. தை மாதம் மகேசு வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றிப் போனவர் பாதி மலையில் திரும்பிவிட்டார். “இன்ஜின் சூடாயிடுச்சி.” பின் பம்பரில் நசுங்கல். “மாடு இடிச்சிடுச்சி.” ஓடுகிற வண்டியைப் பின்னால் வந்து இடிக்கும் மாடு எது? அன்றே எழுதி வைத்தேன். பதில் இன்னும் இல்லை.

இப்போது பின் அச்சுக்குள் பல்சக்கரங்கள் தேய்ந்து ஒரே ஊளைச் சத்தம். பாலக்கோட்டில் மெக்கானிக் தேவராசு ஷெட்டுக்குப் போனோம். ஓசூர்ப் பக்கத்திலிருந்து பழைய செட் இரண்டு வரவழைத்துச் சாக்கில் வைத்திருந்தான்.

“அக்கா, இதுல சின்ன சக்கரம் ஒம்பது பல்லு, பெருசு நாப்பத்தொண்ணு. இது மலைக்கு. இந்தப் பக்கம் சின்னது பதினொண்ணு, பெருசு அதே நாப்பத்தொண்ணு. இது ரோட்டுக்கு.”

“ரெண்டையும் போட முடியாதா?”

“ரெண்டு பொண்டாட்டி மாதிரிங்க்கா. ஒரு வூட்ல நிக்காது.”

“ஒண்ணையே அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்க. பேச்சப் பாரு.”

இவர்கூடச் சிரித்தார்.

பல்லை நானே எண்ணினேன். சரி. 41ஐ 9 ஆல் வகுத்தால் நாலரை, கொஞ்சம் மேலே. 11 ஆல் வகுத்தால் மூன்றே முக்கால், கொஞ்சம் கீழே. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் வண்டிக்கு அடியில் ஓடும் நடுத்தண்டு அத்தனை சுற்று சுற்றுமாம். “அதிகம் சுத்துனா மலை ஏறும்க்கா. ஆனா ரோட்ல இன்ஜின் கத்தும். பயந்துடாதீங்க.”

“மலை செட்டே மாட்டு” என்றார் இவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தேவராசு சாக்கைப் பார்த்தான்.

ஆவணி 13, வெள்ளி

வெயில். விளக்குக்கு எண்ணெய் மாற்றினேன். அம்மனுக்கு எலுமிச்சை மாலை.

நானும் ஷெட்டுக்கு வருகிறேன் என்றேன். “கிரீசு, அழுக்கு. நீ எதுக்கு?” மாவு மில்லுக்குள் வருவேன், உரமூட்டை மேல் உட்கார்ந்து வருவேன், கிரீசுக்கு மட்டும் ஆகாதா?

பொழுது சாயும்போது வந்தார். நகத்தில் கிரீஸ். ஆக, வேலை நடந்திருக்கிறது. குழம்பில் உப்புக் கூடிவிட்டது. முழுதாகச் சாப்பிட்டு எழுந்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் உப்புக் கூடி இவர் வாய் மூடியிருந்தது இன்றுதான்.

மிச்ச செட் எங்கே என்றேன். “அங்கியே கெடக்குது.”

ஆவணி 14, சனி

காரில் பெருமாள் கோயில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி போனேன், சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார். இன்ஜின் கத்தவில்லை. பால் குடித்த கன்று மாதிரி சாதுவாக ஓடியது. கத்தும் என்றானே?

சாயங்காலம் பிரேக் பார்க்கிறேன் என்று இடது பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். நடுவில் டீக்கடைக்குப் போனார். கியர் நியூட்ரலில் இருந்தது. பார்த்துக்கொண்டேன்.

கோலமாவைக் குழைத்து டயரில் ஒரு பொட்டு. தண்டில் ஒரு பொட்டு. வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன்.

சக்கரம்: 1 சுற்று.
தண்டு: 1¾ சுற்று, அதற்கு மேல் இரண்டு விரற்கடை.
மறுபடி சுற்றினேன். அதே.

நாலரை எங்கே? இரண்டுகூட இல்லை!

வந்ததும் கேட்டேன். “என்னத்தங்க மாட்டியிருக்கான் அவன்? நமக்குக் காட்டுன செட்ட எடுத்துட்டு ஓட்ட ஒடசல வெச்சுட்டானா?”

“உனக்கு எதுக்குடி இந்த ஆராய்ச்சி?”

பிரேக்கைப் பார்க்காமலே ஜாக்கியை இறக்கினார்.

ஆவணி 15, ஞாயிறு

தூறல். தேவராசு தானாகவே வீட்டுக்கு வந்தான். ஞாயிறு அவன் ஷெட் விட்டு எழுந்திருக்கிறவனா?

“அக்கா, ஒத்த சக்கரத்த தூக்கிச் சுத்தினா பாதிதான் காட்டும். இன்னொரு சக்கரம் தரையில நிக்குதில்ல? வர்றத ரெண்டால பெருக்கிக்கணும். நீங்க பாதிய எண்ணிட்டு என்ன திருடன்றீங்க!”

இருவரும் சிரித்தார்கள். இவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. படித்ததெல்லாம் நானாகப் படித்தது. பாதி தெரியும், மீதி தெரியாது. ஒரு மனிதனைத் திருடன் என்றது பாவம். அவனுக்குக் காபியும் முறுக்கும் கொடுத்தேன். அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டேன்.

ஆவணி 16, திங்கள்

வெயில். எள் வறுத்துப் பொடித்தாயிற்று.

கட்டுச்சோறு: புளி, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தக்காளி, தயிர், சர்க்கரைப் பொங்கல்.
வாங்க: வாழை இலை, கண்ணாடி வளையல் ஆறு டஜன், மல்லி.

அரிசி அளவு எழுத முன்பக்கம் புரட்டினேன். சனிக்கிழமைக் கணக்கு கண்ணில் பட்டது. 1¾, இரண்டு விரற்கடை.

இரண்டால் பெருக்கச் சொன்னார்கள். பெருக்கினேன்.

மூன்றரை, நாலு விரற்கடை. எப்படி இழுத்துப் பிடித்தாலும் மூன்றே முக்காலைத் தாண்டவில்லை. நாலரை இல்லை.

உள்ளே இருப்பது ரோட்டுச் செட்.

கற்பூரம் வீண்.

ஆவணி 17, செவ்வாய்

புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டே கேட்டேன். சத்தமில்லாமல்தான் கேட்டேன். “பெருக்கிப் பாத்துட்டங்க. மூணே முக்கால். பெங்களூர் ரோட்டுல யார் கூட ரேசு?”

அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மாடு இடிக்கல.”

தை மாதம் ஏழாவது வளைவில் வண்டி ஏறாமல் நின்றுவிட்டதாம். பின்னால் உருண்டதாம். தடுப்புச் சுவரில் முட்டி நின்றதாம். “திரும்பி பாத்தன் சாந்தா. சுவத்துக்கு அந்தப் பக்கம் மரத்தோட உச்சிதான் தெரியுது. கால் பெடல்ல நிக்கல, ஆடுது. இப்பவும் நெனச்சா ஆடுது.”

“அதுக்குத்தானே மலை செட்டு? அது போட்டா ஏறிடும்னானே.”

“ஏறிடும். ஏறிடும்னுதான் மாட்ட வேணாம்னன்.”

ஏறாத வண்டி என்றால் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வேறு வண்டி பிடிக்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதுதான் திட்டம். தேவராசுவும் உடந்தை.

கோபம் வந்தது. ஏழு தூக்குச் சோற்றோடு அடிவாரத்தில் என்னை நிறுத்தி, நல்ல நேரமும் போய், வயிற்றுப்பிள்ளைக்காரி அங்கே மணையில் காத்திருந்தால்? கேட்டேன். அதற்குள் புளிக்காய்ச்சல் அடிப்பிடித்துவிட்டது. மேலே எடுத்துக் கொஞ்சம் வெல்லம் போட்டேன். சமாளிக்கும்.

முடிவு: கார் அடிவாரம் வரை. அங்கிருந்து காலை பஸ்ஸில் நானும் தூக்குகளும். மகேசை மருமகன் ஜீப்பில் மெதுவாக இறக்குவார். அடிவாரத்திலிருந்து வீடு வரை நல்ல ரோடு. அதற்கு ரோட்டுச் செட்தான் சரி, குலுங்காது. இவர் கீழே காரில் காத்திருக்கட்டும்.

“சரி” என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி என்கிறவர் இல்லையே.

ஆவணி 18, புதன்

பனி. நாலு மணிக்குக் குளித்தாயிற்று. ஏழு வகையும் கட்டியாயிற்று. தயிர்ச்சோறு கடைசியாகக் கலந்தது, பால் கூட்டி.

காரில் தூக்குகளை ஏற்றுகிறார். காத்திருக்கப் போகிறவருக்கு எதற்குப் பட்டுக்கரை வேட்டி? தோளில் மேல்துண்டு வேறு. கேட்டேன்.

“பஸ்ல ரெண்டு சீட்டு புடி. சன்னல் பக்கம் நீ உக்காரு.”