காத்தாயிக்கு ஒரு கையெழுத்து

மாத்தளை
2007 ஓகஸ்ட் 14

தம்பி நடராஜாவுக்கு,

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. இப்போது உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நட்டம் எனக்குத்தான்.

என் பேர் கமலாட்சி. போன மாதம் நீங்கள் வேலை செய்யும் கடைக்கு இரண்டு தரம் டெலிபோன் எடுத்தது நான்தான். முதல் தரம் காத்தாயி என்று ஒருத்தியைத் தெரியாது என்றீர்கள். இரண்டாம் தரம் அதையும் சொல்லாமல் வைத்துவிட்டீர்கள். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் முழுதாகப் படியுங்கள். விலாசத்தை எல்கடுவையில் உங்கள் பெரியப்பா மகனிடம் வாங்கினேன். தோட்டத்தில் வீடு கொடுக்கிறார்கள், பட்டியலில் உங்கள் பேரும் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவரைத் திட்ட வேண்டாம்.

விசயம் காத்தாயியைப் பற்றியது. உங்கள் மனைவி. அந்தச் சொல் கசந்தால் விழுங்கிக்கொள்ளுங்கள், கலியாணப் பதிவில் அப்படித்தான் இருக்கிறது. அவளை ஒரு வருசத்துக்குப் பெண்கள் தடுப்பு இல்லத்தில் வைக்கச் சொல்லி நீதவான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த இடம் கொழும்புக்குப் பக்கம், உங்கள் கடையிலிருந்து ஒரே பஸ். என்ன குற்றம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தோட்டத்து லய வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருசம். அவள் எதைத் தின்று உயிரோடு இருந்தாள் என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால் உங்களுக்கே விளங்கியிருக்கும்.

அவளை இந்த வழிக்கு இழுத்தது நான்தான் என்று நினைப்பீர்கள். நான் இழுக்கவில்லை. நானும் அதே வேலை செய்தவள், முழங்கால் போன பிறகு விட்டேன். பிறகு கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. எங்களைப் போன்ற பெண்களுக்கு உதவி செய்கிறோம் என்றார்கள். தையல் கடை வைத்திருக்கும் ஹமீமா தன் பின்னறையை அவர்களுக்குக் கொடுத்தாள். ஊர் என்ன பேசும் என்று கேட்டேன். "ஊரு எனக்கு ஒரு ரவிக்கை தைக்கக் குடுத்திச்சா?" என்று கேட்டாள். மாதத்தில் ஒரு நாள் டாக்டரம்மா வந்து பார்த்தாள், இரத்தம் சோதித்தாள். அடிபட்டு வருகிறவள் படுக்க ஒரு பாய் இருந்தது, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் இருந்தது. ஆணுறைப் பெட்டிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது என் வேலை. பொய் சொல்லக் கூடாது, அந்த மூன்று வருசம் எங்களை மனுசராக நடத்தினார்கள்.

கடைசியில் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். பெண்ணின் படம், பேர், ஒரு முத்திரை, கீழே சிங்களத்தில் நாலு வரி. பொலிஸ் பிடித்தால் பயப்படாமல் இதைக் காட்டச் சொல்லுங்கள், மரியாதையாக விட்டுவிடுவார்கள் என்று எனக்கு ஹோட்டலில் சாப்பாடு போட்டுச் சொல்லித் தந்தார்கள். அதையே நான் இருபத்திரண்டு பெண்களுக்குச் சொன்னேன். சிங்களம் நன்றாகப் பேசுவேன், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். முத்திரை குத்திய கடதாசி என்றால் எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அடையாள அட்டைக்கே பத்து வருசம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்த சனம் நாங்கள். காத்தாயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அக்கா, இது இருந்தா இனி அடிக்க மாட்டாங்கதானே" என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன்.

ஜூன் மாதம் கலேவெலச் சந்தை நாள். பஸ் நிலையத்தில் பொலிஸ்காரர்கள் மூன்று பெண்களைச் சுற்றி வளைத்தார்கள். மற்ற இருவரும் கைப்பையைச் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டு, தம்புள்ளைக்குப் போக நிற்கிறோம் என்று சத்தியம் செய்தார்கள். காத்தாயி மட்டும் நான் சொன்னபடி நடந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னமே அட்டையை எடுத்து நீட்டினாள், பையில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது நான் கொடுத்த பெட்டியையும் திறந்து காட்டினாள். அந்த நாலு வரியில் அவள் என்ன தொழில் செய்கிறாள் என்றுதான் எழுதியிருந்ததாம். வேறு சாட்சி தேவைப்படவில்லை. பொய் சொன்ன இருவரும் மறுநாளே வீட்டில் இருந்தார்கள். என் பேச்சைக் கேட்டவள் உள்ளே இருக்கிறாள்.

நிறுவனத்துக்குச் சொன்னேன். திட்டம் மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டதாம். மிகவும் வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டு, இதுவரை எத்தனை அட்டை கொடுத்தேன் என்று கந்தோரில் இருந்த நோனா அம்மா கேட்டாள், கடைசி அறிக்கையில் போட வேண்டுமாம். வாயில் வந்தபடி திட்டிவிட்டேன். மிச்சப் பெண்களின் அட்டைகளை வாங்கி ஹமீமாவின் அடுப்பில் போட்டேன்.

பிறகு சவர்க்காரமும் ஒரு சேலையும் எடுத்துக்கொண்டு தடுப்பு இல்லத்துக்குப் போனேன். வழியில் நான்கு இடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதித்தார்கள். வாசலில் இருந்த மேற்பார்வைக்காரி நான் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டாள். சிநேகிதி என்றேன். அதற்கு அவளுடைய புத்தகத்தில் இடம் இல்லை. பெற்றவர், கூடப்பிறந்தவர், கட்டியவர், இவர்கள் வந்து பொறுப்பெடுத்தால் வருசம் முடிவதற்கு முன் விட வழி இருக்கிறதாம். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு வருசம் ஒரே பானையில் தின்ற நான் யாரோ. ஒன்பது வருசம் திரும்பிப் பார்க்காத நீங்கள் உரியவர்.

புருசன் இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். கேட்ட உடனே உங்கள் பேரைச் சொன்னாளாம்.

நீங்கள் போன இடத்தில் உங்களுக்கு ஒரு குடும்பம் இருப்பது தெரியும். அந்தப் பெண்ணுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அவள் எனக்கு என்ன செய்தாள்? இந்தக் காலத்தில் தமிழ்ப் பேர் வைத்த ஆம்பளை அரசாங்கக் கதவைத் தானாகப் போய்த் தட்டப் பயப்படுவதும் தெரியும். அடையாள அட்டையும் நீங்கள் இருக்கும் இடத்துக் கிராம சேவகரின் கடிதமும் கொண்டு வந்தால் போதும். கலியாணப் பதிவு அவளுடைய பெட்டியில் இருந்தது, துணியில் சுற்றி வைத்திருந்தாள், நான் கொண்டு வருகிறேன். வரும் இருபத்தேழாம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வாசலில் நிற்பேன். கையெழுத்துப் போட்ட உடனே நீங்கள் உங்கள் வழியில் போகலாம். அவளை நான் கூட்டிக்கொண்டு வருவேன். அதற்குப் பிறகு உங்கள் கடை டெலிபோன் என்னால் அடிக்காது, இது முத்துமாரி மேல் சத்தியம்.

உங்கள் பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளரட்டும். நான் யாரையும் எளிதில் வாழ்த்துகிறவள் இல்லை, வாழ்த்துகிறேன்.

ஒன்று மட்டும். அவளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்பார்கள், இவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துப் பார்த்துக்கொள்வீர்களா என்று. ஆம் என்று சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது மேசையைப் பாருங்கள், சுவரைப் பாருங்கள், அவள் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். அவள் நம்பிவிடுவாள்.

இப்படிக்கு,
கமலாட்சி