வெள்ளை ஷூ போட்ட இரண்டாம் எண்

அன்புள்ள ரெமி,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ பேசுவாய் என்று இருபத்தேழு வருடம் காத்திருந்தேன். பேசாமலே போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இனி நான்தான் பேச வேண்டும்.

பாஸ்கர் சென்னையிலிருந்து இங்கே போர்ட் பிளேருக்கு ஃபோன் செய்தான். நம் கல்லூரி ரக்பி அணியில் இருந்தவர்கள் சேர்ந்து உன் நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம். ஆளுக்கு இரண்டு பக்கம். எனக்கு ஒதுக்கியிருப்பது எந்தப் பக்கம் தெரியுமா? அந்த இறுதிப் போட்டி.

"டேய், அது நீதான்டா எழுதணும். என் தோள் உடைஞ்சதுக்கு எனக்கு உன்மேல எந்தக் கோவமும் இல்ல. நீ பிடிய விட்ட, ரெமி உன்ன மன்னிச்சான். அதான்டா கதையே. அத நீயே எழுதினாதான் அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு படிக்கிறவனுக்குத் தெரியும்."

தோளெலும்பு உடைந்தவன் என்னை மன்னித்துவிட்டான். நீயும் மன்னித்துவிட்டாய் என்று ஊரே சொல்கிறது. நான் பிடியை விடவே இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவனை மவுண்ட் கார்மல் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமைக்குள் நான் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் தானே எழுதிக்கொள்வதாக பாஸ்கர் சொல்லிவிட்டான். அவன் எழுதினால் அந்தப் பொய் அச்சிலும் ஏறிவிடும்.

இரு, கோபித்துக்கொள்ளாதே. முதலில் உன் புது விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். நீ இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பாய்.

மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு உன்னை விமானத்தில் ஏற்றுவதற்கு முந்தின நாள் பார்க்க வந்தேனே, நினைவிருக்கிறதா? இன்றாவது சொல்லிவிடுவாய் என்று நினைத்துத்தான் வந்தேன். நீ மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, "லே மக்கா, மூஞ்சிய ஏம்ல இப்படி வச்சிருக்க? சாவப்போறது நீயா நானா?" என்றாய். அப்புறம் அரைமணி நேரம் அந்த ரக்பி வீடியோ விளையாட்டைப் பற்றியே பேசினாய். சென்னையிலிருந்து வந்த யாரோ ஒருவர் பையில் அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தாராம். இரண்டு வாரம் ஆடினாயாம். "நீ வந்து ஒருவாட்டி ஆடிப் பாரு, பஸ், அது போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாய். வேறு ஒன்றும் வேண்டாமா? எனக்கு வேண்டியிருந்ததே, ரெமி. நான் எழுந்து வந்துவிட்டேன்.

போன ஞாயிறு மத்தியானம்தான் மரைன் ஹில்லுக்குப் போனேன். உன் வீட்டுப் படியேறி நான்கு மாதம் ஆகியிருந்தது. உன் வீட்டுக்காரி ரோஸி டிவியைத் துடைத்து, அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தாள். "அண்ணே, இத யாரும் தொடல. என்னமோ அப்டேட் கேக்குது, எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். மழை. நெட் நடந்து நடந்து வந்தது. சாப்பிட்டு, தூங்கி, டீ குடித்து, ஃபீனிக்ஸ் பேயிலிருந்து இரண்டு படகு கிளம்புவதை உன் ஜன்னல் வழியே பார்த்த பிறகும் எழுபது சதவீதம்தான். மறுநாள் ஆபீஸ் முடிந்து ஜங்லிகாட்டில் என் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கேயே போனேன்.

நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். நாம் ஹாஸ்டலில் ஆடிய பழைய விளையாட்டில் ஆட்கள் மரக்கட்டை மாதிரி ஓடுவார்கள். இதில் ஒருவனை மோதிச் சாய்த்தால் அந்த எடை கையில் இருக்கும் கன்ட்ரோலரில் அதிர்கிறது. சட்டையில் ஒட்டிய சேறு கடைசிவரை போவதில்லை. பந்தை இடப்பக்கம் போட ஒரு பொத்தான், வலப்பக்கம் போட ஒன்று; பத்து நிமிடத்தில் விரல் பழகிவிடுகிறது. உதைப்பதுதான் எனக்கு வரவில்லை. நிஜத்திலும் வந்ததில்லை. வர்ணனையாளர் நான்கே வாக்கியம் வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க ஓட்டுகிறார். எதிரணிக்காரர்கள் தரையில் கிடக்கும் பந்துக்குச் சண்டையே போடுவதில்லை, வரிசையில் நிற்பவர்கள் மாதிரி ஒதுங்கி வழிவிடுகிறார்கள். நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

ஆனால் ஸ்க்ரம்! எட்டுக்கு எட்டு பேர் தலையும் தோளும் கோத்துக்கொண்டு தள்ளும் அந்த இடத்தில் கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறார்கள். மூச்சுச் சத்தம் கேட்கிறது. இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பிடித்து, நடுவர் சொல்லும் கணம் வரை காத்திருந்து, ஒரே சமயத்தில் விட வேண்டும். அரை நொடி பிசகினால் போச்சு. என் பிடரி தானாக விறைத்துக்கொண்டது. நாற்பத்தேழு வயதில், உன் சோபாவில்.

நீ உருவாக்கி வைத்திருந்த அணியை அப்போதுதான் பார்த்தேன். நம் கல்லூரி நிறச் சட்டை. ஒன்றாம் எண் நான், நடுவில் இரண்டாம் எண் நீ, மூன்றாம் எண் பாஸ்கர். என் மூக்கைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருக்கிறாய், படுபாவி. எனக்கு மஞ்சள் கோடு போட்ட கறுப்பு பூட்ஸ், என்னிடம் இருந்தது மாதிரியே. பாஸ்கருக்கும் மற்றவர்களுக்கும் கறுப்பு. உனக்கு மட்டும் வெள்ளை. கோடு இல்லை, சின்னம் இல்லை, வெறும் வெள்ளை.

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது ரெமி தன் பூட்ஸை போர்ட் பிளேரில் மறந்துவிட்டுச் சென்னை திரும்பினான். அவன் அப்பா அதைக் கப்பலில் வரும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். தீவுக்காரர்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் அனுப்புவோம்: மருந்து, கருவாடு, சர்டிஃபிகேட், எதுவானாலும் யாராவது ஒருவர் கையில். புயல் எச்சரிக்கை வந்து அந்தக் கப்பல் கிளம்பவில்லை. இறுதிப் போட்டியன்று ரெமியிடம் இருந்தது பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூதான். வழுக்காமல் மண்ணைப் பிடிக்க அடியில் ஆணி கிடையாது.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொருவர் காலையும் தூக்கிப் பார்ப்பார். கேன்வாஸ் ஷூவைக் கண்டால் வெளியே அனுப்பிவிடுவார். நம் இருவர் காலும் ஒரே அளவு. என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு முதலில் நீ போய்க் காலைக் காட்டினாய். கூடாரத்துக்குப் பின்னால் ஓடிவந்து கழற்றிக் கொடுத்தாய். அதே பூட்ஸை நான் மாட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவனாவது தன் பூட்ஸைக் கழற்றித் தந்திருப்பான். நாம் சொல்லவில்லை. தீவுப் பையன்கள் பூட்ஸுக்குக்கூட வழியில்லாதவர்கள் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களாம். என்ன பெரிய மானம்!

காலையிலிருந்தே மழை பெய்தது. இறங்குமுன் வெள்ளை ஷூ தெரியாதபடி அதில் சேற்றைப் பூசிக்கொண்டாய். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு ஸ்க்ரம். உன் இரண்டு காலும் ஒன்றாக வழுக்கின. நடுவில் இருப்பவன் இருபுறத் தோளிலும் தொங்குகிறவன். உன் முழு எடையும் என் கழுத்தில் இறங்கியது. நான் மண்ணில் முகம் பதிய விழுந்தேன். எட்டுப் பேருக்கு அடியில் பாஸ்கரின் தோள் சிக்கியது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு என் பக்கம்தான் முதலில் சாய்ந்தது. "ஒண்ணாம் நம்பர் விட்டுட்டான்" என்று யாரோ கத்தினார்கள். நீ எழுந்து நின்று என்னைப் பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை.

பல்கலைக்கழக அணிப் பட்டியலில் உன் பெயர் வந்தது, என் பெயர் வரவில்லை. அந்தச் சான்றிதழால் உனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் வேலை கிடைத்தது. அது உன் குற்றமா? அப்போது நானும் சொல்லவில்லை. சொன்னால் உன் சான்றிதழ் போகும், உன் அப்பா இன்னும் பத்து வருடம் கடலுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்ததும் நீயே சொல்வாய் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு சொல்வாய் என்று நினைத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் வீட்டில் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள். நீ என் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைப்பாய். அதற்குப் பெயர்தான் மன்னிப்பு.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். வெள்ளை ஷூவைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். மைதானத்தை நனைத்தேன். வானிலையைக் கனமழைக்கு மாற்றினேன். வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டு ஸ்க்ரம் வாங்கினேன். நீ வழுக்கவில்லை. மறுபடி. மறுபடி. பதினைந்து, பதினாறு இருக்கும். இந்த விளையாட்டில் ஷூ வெறும் நிறம்தான். அடியில் ஆணி இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. உன்னை வழுக்க வைக்க என்னால் முடியவே இல்லை, ரெமி.

கடைசியில் வேண்டுமென்றே நேரம் தப்பி விரலை விட்டேன். ஸ்க்ரம் சரிந்தது. நடுவர் விசில் ஊதினார், கையை நீட்டினார். திரையில் எழுத்து வந்தது. குற்றம்: ஒன்றாம் எண்.

பின்னால் நின்ற ரோஸி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. "ஐயோ அண்ணே, பாருங்க, இதுலயும் நீங்கதான்!"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அப்புறம் அவளே சொன்னாள். "அந்த ஷூவுக்காக அரை நாள் உக்காந்திருந்தாரு அண்ணே. வெறும் வெள்ளை இல்ல, இல்லன்னு ஒவ்வொண்ணா தள்ளிட்டே இருந்தாரு. மூச்சு வேற வாங்குது. பஸ் கரோ, போதும், என்ன கல்யாணத்துக்கா போறீங்கன்னு ஏசினேன். எப்பவும் திருப்பி ஏதாவது சொல்லுவாருல்ல? அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. அவன் வந்து பாப்பான், அவனுக்குத் தெரியும்னு மட்டும் சொன்னாரு." டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "என்னண்ணே தெரியும்?"

"ஒண்ணுமில்ல ரோஸி. சும்மா வெளயாட்டு."

அப்படித்தான் சொன்னேன். உன் வாய் எனக்கும் தொற்றிவிட்டது.

இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்ள? ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் "லே மக்கா, நாந்தாம்ல வழுக்கினேன்" என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? அதற்குப் பதில் ஒரு பொம்மைக்கு வெள்ளை ஷூ மாட்டி, நான் வந்து பார்ப்பேன் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நான் வராமலே இருந்திருந்தால்? உன்னைச் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. உலுக்க ஆள் இல்லை. உலுக்க ஆள் இருந்தபோது நான் கேட்கவும் இல்லை.

பாஸ்கரிடம் எதைக் காட்டுவேன்? டிவியில் ஒரு வெள்ளை ஷூ. அதைக் கொண்டு ஒரு செத்தவனைக் குற்றம் சொல்கிறான் என்பார்கள். அதோடு, கேட்க வேண்டிய கேள்வியை அவன் சரியாகக் கேட்டால் எனக்குப் பதில் கிடையாது. ஆணியில்லாத ஷூவோடு நீ என் பக்கத்தில் நிற்கிறாய் என்று தெரிந்துதான் நான் தோள் கொடுத்தேன். பாஸ்கருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் தலையை உள்ளே விட்டிருக்க மாட்டான். இருபத்தேழு வருடமாக உன்மேல் கறுவிக்கொண்டே இருந்ததில் இந்த ஒன்றை யோசிக்க எனக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது.

அவன் கேட்ட இரண்டு பக்கத்துக்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே அனுப்பப்போகிறேன். மலரில் போடட்டும், கிழித்துப் போடட்டும், அவன் இஷ்டம். அதற்கு முன்னால், நாளை மாலை மரைன் ஹில்லுக்குப் போய் ரோஸியிடம் இதைப் படித்துக் காட்டுவேன். என்ன தெரியும் என்று அவள் கேட்டாளே, அதற்குப் பதில் அவளுக்கு அச்சில் கிடைக்கக் கூடாது. அவள் என்னை வாசலோடு அனுப்பிவிடலாம். அனுப்பினாலும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இந்த இடத்தில் 'உன்' என்று ஆரம்பித்து ஓர் உறவைச் சொல்லி, கீழே பெயரைப் போட வேண்டும். மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். நண்பன் என்று எழுதக் கை வரவில்லை. வேறு எதை எழுதினாலும் நீ சிரிப்பாய். பெயரைப் போட்டால், இத்தனையும் என் பெயரைக் கழுவத்தான் எழுதினேன் என்று ஆகிவிடும். பாதி அதற்காகத்தான் ஆரம்பித்தேன், மறைக்கவில்லை. எழுதியது யார் என்று பாஸ்கருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் இதன் அடியில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. திங்கட்கிழமை காலை இப்படியே ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.