கறிக்கு ஒதுக்கிய மீன்

ஸ்பெயின், 6.10.2024

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை முந்துகிறது. அதனால்தான் கடதாசி. பிழை இருந்தால் சிரிக்காதே.

நீ காசு கட்டி அனுப்பின சுற்றுலாவில் நேற்று ஒரு மீன்பிடி ஊருக்குக் கூட்டிப் போனார்கள். பஸ் முழுக்க நோர்வேக் கிழவன் கிழவிகள், நான் ஒருத்திதான் தமிழ். வழிகாட்டிப் பெட்டை சிவப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு கோயில், கோட்டை எல்லாம் காட்டினாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

பின்னேரம் வள்ளங்கள் வந்தன. ஏலத்துக்குப் போகமுன்னமே ஒவ்வொருவனும் வீட்டுக் கறிக்குக் கொஞ்சம் ஒதுக்கினான், ஊரில், பேசாலையில் உன் அப்பா ஒதுக்குகிற மாதிரியே. பெண்சாதிகள் பையோடு நின்றார்கள். நானும் என்னை அறியாமல் அவர்களுக்குப் பக்கத்தில் போய்க் கைப்பையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன், மகள். ஒரு கிழவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் ஒரு கை சூடை மீன் அள்ளிப் போட்டான். பாஸ்போட்டும் உள்ளேதான்.

பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். குடைக்காரி, "இதை என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டாள். "தொர்ஃபிஸ்க், காயவைக்கப் போறன்" என்று கருவாட்டை அவர்களின் பாஷையிலேயே சொன்னேன். பஸ்ஸே சிரித்தது. அவர்களும் மீன் காயவைக்கிற சனம்தானே!

இப்போது ஹோட்டல் பால்கனியில் கருவாடு காய்கிறது. அறை கூட்டுகிற பிள்ளை முதலில் ஏசினாள், பிறகு கடற்பறவை கொத்தாமல் மூட ஒரு துணி தந்தாள்.

அப்பா போனபிறகு நான் மீன் தொட்டது இதுதான் முதல். நீயும் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்குத் தூண்டில் போட வாறன் என்று சொல்லிவிட்டு நீ போகாததால்தான் அவர் கரையில் தனியாக விழுந்து செத்தார் என்று நினைக்கிறாய். அது நெஞ்சடைப்பு, பிள்ளை. நத்தார்ப் பண்டிகைக்கு வா.

அம்மா

துரொண்ட்ஹெய்ம், 20.10.2024

அம்மா,

கடிதத்திலும் மீன் மணக்குது. பஸ் கதையை வாசிச்சுச் சிரிச்சனான்.

ஆனால் அப்பா அண்டைக்கு எனக்கும் சேர்த்து இரண்டு தூண்டில் கொண்டுபோனவர். பொலிஸ் இரண்டையும் கொண்டுவந்து தரேக்கை நான் வாசலிலை நிண்டனான். கடைசிமட்டும் நான் வருவன் எண்டு வழி பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அந்த வீட்டுக்குள்ளை வர எனக்கு ஏலாது. நத்தாருக்கு வேலை எடுத்திட்டன்.

கோவிக்காதேங்கோ.

றெபேக்கா

ரொம்சோஸ், 2.11.2024

மகள்,

நீ தூண்டிலைத்தான் பார்த்தாய். அவருடைய மீன் வாளியைப் பார்க்கவில்லை. உனக்குச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளும் வாய் வரவில்லை.

வாளியில் இரண்டு பை இருந்தது. ஒன்று வீட்டுக் கறிக்கு, செதிலோடு. மற்றது உனக்கு. செதில் சுரண்டி, குடல் எடுத்து, நீ முள்ளுக்குப் பயம் என்று முள்ளும் நீக்கி, முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். நீ வரவில்லை என்று கோபத்தோடு இருந்த மனுசன் அப்படி இருந்து முள் எடுக்கமாட்டார்.

அந்தப் பை இன்னும் இங்கே வீட்டு ஃபிறீசரில் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை நான் சாப்பிடத் தொடங்கிவிட்டேன்.

உன் பங்கில் நான் கை வைக்கமாட்டேன். நத்தாருக்கு ஏலாவிட்டால் ஏலுமான நாளில் வா. வந்து நீயே முடிச்சை அவிழ்.

அம்மா