வாப்பாதான் வேண்டாமென்றார்

கஸ்ஸல், ஜெர்மனி
16.10.2022

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் சுகமாக வந்து சேர்ந்தேன். இறங்கிய அன்றே நளீம் மச்சானின் போனுக்குச் செய்தி அனுப்பினேன், காட்டியிருப்பார். ஆனால் அந்தப் போனில் வருவதை மாமி வீட்டில் எல்லாரும் வாசித்து முடித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். உங்கள் காதும் போனில் கதைக்க விடாது. ஆகவே நம் இருவருக்கும் கடிதம்தான்.

கொழும்பில் ஒன்றரை வருஷம் ஜெர்மன் படித்தேன் அல்லவா? இங்கே பஸ் சாரதி கேட்ட முதல் கேள்வியே விளங்கவில்லை. அவர் மூன்று தரம் கேட்டுவிட்டு, கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வெட்கத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன்.

நான் பயிற்சி பெறும் இடம் வயதானவர்கள் தங்கும் இல்லம். அறுபது பேர் இருக்கிறார்கள். சாப்பாடு கொடுக்கிறேன், மருந்து நேரத்தைக் குறித்து வைக்கிறேன், கட்டில் விரிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம். ஸ்கார்ஃப் போடத் தடையில்லை. முழங்கை வரை கை மட்டும் திறந்திருக்க வேண்டும் என்றார்கள், அடிக்கடி கழுவுவதால். அறையில் என்னோடு ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை இருக்கிறாள். நல்லவள். நான் தொழும்போது பாட்டை நிறுத்துகிறாள்.

இங்கே பாண் கறுப்பு நிறம், கல் போல இருக்கிறது. வேறு குறையில்லை.

விமான நிலையத்தில் நீங்கள் உள்ளே வராமல் வேனுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டீர்கள். அதை நினைத்தால்தான் மனம் ஒரு மாதிரி இருக்கிறது.

உங்கள் மகள்,
நஸ்ஹா

*

தில்லையடி, புத்தளம்
20.11.2022

அன்பு மகள் நஸ்ஹாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் பதினெட்டு நாளில் வந்தது. கறுப்புப் பாணைப் பற்றி எழுதியதை மாமியிடம் காட்டினேன். அவள் உடனே என் கொப்பியில் எழுதினாள்: “அப்ப பிள்ள அரப்பட்டினி. நான் மாசிக் கருவாடும் மிளகாய்த் தூளும் அனுப்பவா?” நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அனுப்புவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கொப்பி இப்போது நாலாவது முடிகிறது. எல்லாரும் அதில் எழுதித்தான் என்னோடு கதைக்கிறார்கள். கடலட்டை பிடிக்கச் சுழியோடிக் காதைக் கடலுக்குக் கொடுத்ததில் ஒரு நன்மை உண்டு, ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குக் கையெழுத்தோடு சாட்சி இருக்கிறது.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன. ஆலங்குடாவில் என்ஜின் திருத்தும் வேலை கொஞ்சம் இருக்கிறது. மூடியில் கையை வைத்தால் எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிடும். பஸ் செலவு மிச்சம் என்று நளீம் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறான். பகல் சோறு மாமி வேலி இடைவெளியால் நீட்டுகிறாள். உன் உம்மா மௌத்தான நாளிலிருந்து அந்தத் தட்டு ஒரு நாளும் நின்றதில்லை.

நளீம் ஒன்றும் வாயால் கேட்பதில்லை. நாள் எண்ணுகிறான் என்பது முகத்தில் தெரிகிறது. மூன்று வருஷத்தில் உங்கள் நிக்காஹ் என்று உன் மாமிக்கு, என் ராத்தாவுக்கு, வாக்குக் கொடுத்துத்தான் உன்னை அனுப்பினேன். படிப்பை ஒழுங்காக முடி. குளிருக்குக் காலுறை போடாமல் படுக்காதே.

உன் வாப்பா,
லாபிர்

*

தில்லையடி
11.08.2023

மகள் நஸ்ஹா,

நீ வேலை செய்யும் இல்லத்தின் இணையப் பக்கத்தில் ஒரு படம் வந்ததாம். நளீம் போனில் காட்டினான். சக்கரக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நீ அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறாய். அவருடைய தலை உன் தோளில் இருக்கிறது. கீழே எழுதியிருந்ததை நளீம் போனாலேயே தமிழாக்கிக் காட்டினான். பயிற்சி மாணவிகள் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மலசலத்துக்குக் கொண்டுபோய் அன்போடு பராமரிக்கிறார்கள் என்று இருந்தது.

மாமி கொப்பியில் எழுதியதை அப்படியே தருகிறேன்: “அந்நிய ஆம்பிளைகளக் கழுவுற வேலைக்கா தம்பி பிள்ளய அனுப்பின? ஒனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியாது என்று சொல்வதுதான் அதிக வெட்கமாக இருந்தது.

சாப்பாடு கொடுக்கிறேன், கட்டில் விரிக்கிறேன் என்று எழுதினாய். பத்து மாதமாக நீ என்னிடம் மறைத்தாயா? பதில் எழுது.

லாபிர்

*

கஸ்ஸல்
03.09.2023

அன்புள்ள வாப்பா,

ஓம், மறைத்தேன். கொழும்பில் படிக்கும்போதே இந்த வேலை என்னவென்று எனக்குத் தெரியும். சொன்னால் விடமாட்டீர்கள் என்று பயந்தேன். பொய்யாக எதுவும் எழுதவில்லை, உண்மையில் பாதியை விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பிழை. மன்னித்துவிடுங்கள்.

மற்றதைக் கேளுங்கள்.

படத்தில் இருந்தவரின் பெயர் ப்ரான்ட். வயது எண்பத்தெட்டு. பாரிசவாதம் வந்து வலது பக்கம் அசையாது. முதல் நாள் அவரைக் கழுவப் போனபோது மூத்த தாதி கூட நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வெட்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், வாப்பா. அவருக்கு என்னைவிட வெட்கம். பெரிய துவாயால் அவரை மூடி, கழுவும் இடத்தை மட்டும் திறந்து கழுவ வேண்டும். அப்படித்தான் இங்கே படிப்பிக்கிறார்கள். முடித்து, சட்டை போட்டு, தலை வாரிவிட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். நன்றி என்பதற்குக் கூட வாய் சரியாக வரவில்லை.

அவருக்கு இரண்டு மகன்மார். நத்தார் பண்டிகைக்கு ஒருமுறை வந்தார்கள்.

மய்யித்தைக் குளிப்பாட்டினால் நன்மை என்கிறோம். உயிரோடு இருப்பவரைக் குளிப்பாட்டுவது எப்படி வாப்பா குற்றமாகும்? மாமியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உண்மையாகவே உங்களிடம் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனி எதையும் விட்டுவைக்கக் கூடாது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஊரில் நான் லாபிருடைய மகள், நளீமுக்குப் பேசி வைத்த பிள்ளை. இங்கே காலையில் நான் கதவைத் திறந்ததும், யாரோ ஒருவருக்கு அந்த நாள் தொடங்குகிறது.

கோபமாக இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
நஸ்ஹா

*

கஸ்ஸல்
17.12.2023

அன்புள்ள வாப்பா,

மூன்று மாதம் ஆகிறது. தபால் தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. நளீம் மச்சானிடம் கேட்டேன், “மாமா சுகம், எழுதுவார்” என்று மட்டும் செய்தி வந்தது.

ப்ரான்ட் ஐயா போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

நஸ்ஹா

*

தில்லையடி
14.01.2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. முதல் மாதம் கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிறகு கோபம் போய்விட்டது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள்.

உன் உம்மா சித்தி ஸுலைஹா கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். உனக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் நீதான் அவளைக் கழுவினாய், வந்த பிறகும் நீதான் கழுவினாய். நான் முற்றத்தில் நின்றேன். கடலுக்குப் போகாத நாளிலும் வெளியேதான் நின்றேன். அவள் என் மனைவி. எனக்கு அந்த நாற்றத்தைத் தாங்க முடியவில்லை, அதுதான் உண்மை. அப்படி நின்றவன், இப்போது நீ யாரைக் கழுவுகிறாய் என்று கேட்கலாமா?

ராத்தாவிடமும் கதைத்தேன். அவள் மனம் இளகியிருக்கிறது. “படிப்பு முடிஞ்சா வந்திருவாள்தானே, பொறகு அந்த வேலை எதுக்கு?” என்று எழுதினாள். நளீம் டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்குப் படகு ஓட்டுகிறான். நன்றாக ஓடுகிறது.

அந்தப் பெரியவருக்காக மனம் வருந்தினேன். ஆடி மாதம் உனக்கு லீவு என்றாயே, ஒருமுறை வந்து போ. முகத்தைப் பார்க்க வேண்டும். நீ வந்து நிற்கும்போதே நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கலாம் என்கிறாள் ராத்தா.

உன் வாப்பா,
லாபிர்

*

கஸ்ஸல்
08.09.2024

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திரும்பி வந்து மூன்று வாரம். மாமி கட்டித்தந்த மாசிச் சம்பலை அறைத் தோழி என்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறாள். எல்லாருக்கும் என் சலாம்.

நாள் குறிக்காமல் வந்தது மாமிக்கு வருத்தம் என்று தெரியும். பரீட்சை அடுத்த வருஷம் நடுப்பகுதியில். அது முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

நளீம் மச்சான் நல்லவர். ஆலங்குடாக் கரையில் நாம் மூவரும் நின்ற அன்று, நீங்கள் என்ஜினைப் பார்க்கப் போன நேரத்தில் என்னிடம் சொன்னார்: “அந்த வேலைய விட்டுட்டு வாங்க. ஹோட்டல்ல தெரிஞ்சவங்க இரிக்காங்க. மேசைக்குப் பின்னால கதிரையில இருந்து செய்யிற வேலை. ஜெர்மன் கதைக்கிற ஆளுக்கு நல்ல மதிப்பு.” என்னுடைய நன்மைக்குத்தான் சொன்னார். காற்று பலமாக இருந்தது, கேட்காத மாதிரி நின்றேன்.

வேறு விசேஷம் இல்லை. இங்கே இலை உதிரத் தொடங்கிவிட்டது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
நஸ்ஹா

*

தில்லையடி
10.11.2024

அன்பு மகள் நஸ்ஹாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். இந்தக் கடிதத்தை ஓரிடத்தில் உட்கார்ந்து வாசி.

நீ இருபது நாள் இங்கே இருந்தாய். உனக்கென்று அலுமாரியில் இரண்டு தட்டு காலியாக்கி வைத்திருந்தேன். நீ ஒரு சட்டையைக் கூட அதில் வைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் உடுப்பை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தாய். காது கேட்காதவன் கண்ணால்தானே எல்லாம் அறிய வேண்டும்? என்னிடம் ஏதோ சொல்ல மூன்று முறை கொப்பியை எடுத்தாய். மூன்றாம் முறை எழுதியது, “தேத்தண்ணி ஊத்தவா வாப்பா?” என்று. குடித்தேன். நீ போன பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கு மேலே எழுதி வெட்டிய வரி இருந்தது. “பரீட்சை முடிந்ததும் அங்கேயே வேலை தருகிறார்களாம்” என்பது வரை வாசிக்க முடிந்தது.

போன மாதம் ஒரு ஜும்ஆ தொழுதுவிட்டு நேராக ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றேன்.

அவள் கொப்பியைப் பறித்து எழுதினாள்: “பிள்ள சொன்னாளா?”

“இல்ல. எனக்குத்தான் விருப்பமில்ல” என்றேன்.

“என்ட மகன்ல என்ன குறை கண்ட?”

அதற்குப் பதில் சொல்லவில்லை. குறை இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். குறை உண்டு என்றால் அல்லாஹ் பொறுக்கமாட்டான். அவள் இன்னொரு வரி எழுதினாள்: “தொண்ணூறுல எங்கள ஊர விட்டுத் துரத்தின நேரம் ஒன்ன என்ட கையில புடிச்சுக் கூட்டி வந்தன் தம்பி.” எழுதிவிட்டுக் கொப்பியை என் கையில் தராமல் தரையில் வைத்தாள். நான் குனிந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் வேலி இடைவெளியில் தகரம் அடித்துவிட்டார்கள். நளீமைக் குறை சொல்லாதே. அடிக்கும்போது அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவனுக்குப் பள்ளிவாசல்துறையில் பெண் பார்த்துவிட்டார்கள், அடுத்த மாதம் நிக்காஹ். எனக்கு அழைப்பு இல்லை. அது நியாயம்தான். நன்றாக வாழட்டும் என்று தொழுகையில் கேட்கிறேன்.

நான் சோறு ஆக்கப் பழகிவிட்டேன். ஆலங்குடாவுக்கு பஸ்ஸில் போகிறேன். நடத்துனருக்கு என்னைத் தெரியும், இறங்கும் இடத்தில் தோளில் தட்டுவார்.

உன்னை மாமி கேட்டாலும், நளீம் கேட்டாலும், ஊரில் வேறு யார் கேட்டாலும், “வாப்பாதான் வேண்டாமென்றார்” என்று சொல். உன் மீது ஒரு சொல் விழக்கூடாது. பரீட்சையை எழுது. வேலை கிடைத்தால் எடு. வீடு இங்கே உன் பேரில்தான் இருக்கிறது, அதற்காக நீ இங்கே இருக்க வேண்டும் என்றில்லை.

மகள், இந்தக் கடிதத்துக்குப் பதிலாக வேறு எதை எழுதினாலும் நன்றி என்று எழுதாதே. எழுதினால் உனக்காகத்தான் செய்தேன் என்று ஆகிவிடும். பிறகு நான் ராத்தாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னது பொய்யாகிவிடும்.

உன் வாப்பா,
லாபிர்