அவர் போன பள்ளம்

செப்டம்பர் 1, இரவு. கீழப்பழுவூர்.

வேளாங்கண்ணிக்கு நடக்கும் எங்கள் கூட்டம் மண்டபத்தில் படுத்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஜெனியை இந்த வருடம்தான் முதன்முதலாக நடக்கக் கூட்டி வந்தேன். அரியலூரில் அவள் அப்பா இறந்த இடத்தைக் காட்டுகிறேன், மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று சொல்லியிருந்தேன். சுண்ணாம்புக்கல் மைன்ஸில் பாறை சரிந்து அவர் போனபோது அவள் என் வயிற்றில் இருந்தாள்.

போய்ப் பார்த்தால் அந்த மைன்ஸ் பள்ளம் முழுக்கத் தண்ணீர். சுற்றிலும் பூங்கா, ஊஞ்சல், படகு. வாட்ச்மேன் தன்மையாகத்தான் சொன்னார்: "உள்ள மெழுகுவர்த்தி ஏத்தக்கூடாதும்மா. வெளியில ரோட்டோரமா ஏத்திக்குங்க."

ரோட்டோரத்திலா அவர் செத்தார்?

இதுதான் அந்த இடம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி மற்ற பிள்ளைகளோடு படகில் ஏறிவிட்டாள். நடுத்தண்ணீரில் அவள் கையை விட்டு அளைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எவ்ளோ ஆழம் தெரியுமா! அடியே தெரியலம்மா" என்று ஓடிவந்தாள். அந்த ஈரக் கையைப் பிடித்து, மாதா சுரூபத்தைத் தொட்ட கையைப் போல உதட்டில் வைத்து முத்தி செய்தேன்.

"என்னம்மா பண்ற?" என்று சிரித்தாள். "அப்பா இடம் எங்க?"

அந்தச் சிரிப்பைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "இன்னும் முன்னாடி இருக்கு, நடடி" என்றேன்.

கீழப்பழுவூர் வரும்வரை வழியில் தெரிந்த ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டி, "இதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.