ஆறு ஒடுங்கும் இடம்

மே 8, 2009, வெள்ளி
தூறல். காற்று. டென்மார்க்கில் பிரார்த்தனை நாள் விடுமுறை, எங்கள் ஊர் இக்காஸ்டில் கடைகள் பூட்டு. பால் இல்லை. மகளுக்குத் தேத்தண்ணீரில் பிஸ்கட்.

வாய்மொழிப் பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள். எனக்கு விழுந்த தலைப்பு: எரிமலைக்குப் பக்கத்தில் ஒரு மலை ஆறு, ஐஸ்லாந்து. யாழ்ப்பாணத்தில் புவியியல் பட்டம் எடுத்தவள், இங்கே மறுபடி அரிவரியிலிருந்து, டேனிஷில்.

குறிப்பு: மலையுச்சியில் பனி. அடியில் சூடு. உருகி ஓடுவதுதான் ஆறு. சாம்பல் கலந்த தண்ணீர், அடி தெரியாது.

தங்கச்சி இன்றும் போன் எடுக்கவில்லை. மூன்று கிழமை. அவள், புருசன், மூன்று வயது மகன். வன்னியில், சண்டைக்குள், கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே.

மே 10, ஞாயிறு
ரண்டர்ஸ் ஊரிலிருக்கும் தெரிந்த அண்ணை போன் எடுத்தார். யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கோபன்ஹேகனில் ஊர்வலம், பஸ் போகிறதாம்.
"வாறியளோ பிள்ளை?"
"பரீட்சை அண்ணை."
"இப்பவும் பரீட்சையோ. நல்லாப் படியுங்கோ."
வைத்துவிட்டார். போயிருக்கலாமோ. போய் என்ன.

மே 12, செவ்வாய்
வெயில். புத்தகத்தின் நாலாம் அத்தியாயம்: ஆறு சமவெளிக்கு வந்து அகன்று, பல கிளையாகப் பிரியும் இடத்தில் ஆழம் குறைவு. ஒடுங்கும் இடத்தில் அதே தண்ணீர் ஆழமாக, வேகமாக. கடப்பவர் அகன்ற இடத்தைத் தேடவேண்டும்.

புத்தகத்தை மூடிவிட்டேன். கடைசியாகக் கதைத்தபோது தங்கச்சி கேட்டாள், "அக்கா, நீங்கள் மேப் படிச்சனீங்கள்தானே, களப்பை எந்தப் பக்கத்தால கடக்கலாம்?" கம்ப்யூட்டரில் செய்மதி மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துச் சொன்னேன்: ஒடுக்கமான இடத்தால் போ, கெதியாக அக்கரை வந்துவிடும். பக்கத்தில் மகள் அழுதுகொண்டிருந்தாள். யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இதே பாடத்தை எழுதித்தான் பாஸ் பண்ணினேன்.

இவரிடம் சொன்னேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார், பின்னேர ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.
"அது ஆறு, இது களப்பு. ரெண்டும் ஒண்டோ? முதல்ல போய்ச் சாப்பிடுமப்பா."
நியாயம்தான். களப்பில் ஓட்டம் இல்லை. ஆனால் ஆழம்? மழைக்குப் பிறகு? தெரியாது. எதுவும் தெரியாது.

மே 15, வெள்ளி
மகளுக்கு வாங்கவேண்டிய சப்பாத்து, இரவு நப்பி, பல் டாக்டரிடம் போவது. மூன்றும் மறந்து போனது.

பரீட்சைக்கு நான் கீறிய ஆற்றுப் படத்துக்கு மகள் முழுவதும் நீலம் அடித்துவிட்டாள். கரையே இல்லை. திட்டினேன். டேனிஷில் திருப்பிச் சொன்னாள், தண்ணீர் எங்கும் போகுமாம்.

இரவல் வாங்கின புத்தகத்தில் ஒரு வரி: ஐஸ்லாந்தில் அங்குள்ளவர்கள் ஆற்றை நேற்றுக் கடந்த இடத்தை இன்று நம்பமாட்டார்கள். களப்புக்கு நான் பார்த்த செய்மதிப் படம் எந்த மாதத்தது? திகதியைப் பார்க்கவே இல்லை.

மே 19, செவ்வாய்
யுத்தம் முடிந்ததாம். டீவியில், தெற்கில் ஆட்கள் சிங்கக் கொடியோடு வெற்றிக்குப் பாற்சோறு தின்கிறார்கள்.

பரீட்சை. டீச்சர் கை தந்தார். உங்கள் நாட்டில் சமாதானமாமே, நல்ல செய்தி, என்றார். நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன்?

கடைசிக் கேள்வி: இந்த ஆற்றை நடந்து கடப்பதென்றால் எங்கே? அகன்ற இடத்தில், என்றேன். காரணமும் சொன்னேன். பன்னிரண்டுக்குப் பத்துப் புள்ளி தந்தார்கள். கழிவறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் எடுத்தேன்.

மே 24, ஞாயிறு
மத்தியானம், பருப்புக்குத் தாளிக்கையில் போன். தெரியாத நம்பர்.

தங்கச்சி. அகதி முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் போனில்.
"மூண்டு பேரும் இருக்கிறம் அக்கா. ரெண்டு நிமிசம்தான் தந்தவை."
"எங்கயடி கடந்தனீங்கள்?"
"நீங்கள் சொன்ன இடத்துக்குப் போகக் கிடைக்கேல்லை. சனம் போன பக்கம் போனம். எனக்குக் கழுத்துமட்டும் தண்ணி. அவர் பிள்ளையைத் தலையில வச்சிருந்தவர்."
அழுதேன். சிரித்தேன். பருப்பு கருகியது.
"பக்கத்து பங்கர் ஆக்களுக்கும் நீங்கள் சொன்ன இடத்தைச் சொன்னனான் அக்கா, எங்கட அக்கா மேப் படிச்சவ எண்டு. அவை எங்களுக்கு முதல் நாளே அந்த ஒடுக்கமான பக்கம் போயிட்டினம்."
"ஆர் அவை?"
"பேர் தெரியாது. ஒரு அம்மாவும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும்."
"இப்ப அங்க முகாமில இருக்கினமோ?"
"காணேல்லை."
கட்.

தங்கச்சி உயிரோடு. மத்தியான நித்திரையிலிருந்த இவரை எழுப்பிச் சொன்னேன், சந்தோசப்பட்டார், ஊரெல்லாம் போன் எடுக்கிறார். மற்றதை இன்னும் சொல்லவில்லை. முகாமில் வேறு பகுதிகளும் உண்டாம். அங்கே இருக்கலாம். ஒரு அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். பெயர் இல்லாமல் யாரிடம் என்னவென்று கேட்பது?