கோழிகளுக்குக் கருவாட்டுத் தலை

மாதாவே துணை

தோட்டவெளி,
மன்னார்.
ஆவணி, 1991

அன்பு மிகுந்த அக்கா பிரான்சிஸ்காவுக்கு,

உங்கள் தங்கை மதலேனா எழுதுவது. நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் மண்டபம் முகாமில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். என் மகன் மரியதாஸ் இப்போது உங்களோடு இருக்கிறானா?

வீட்டுக்குத் திரும்பப் போகிறேன் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்பதாகவும், நீங்கள் மறித்து வைத்திருப்பதாகவும் ஆனி மாதம் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு உங்களிடமிருந்தும் கடிதம் இல்லை, அவனிடமிருந்தும் இல்லை. தபால்காரனைக் கேட்டால் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான் என்பதும் எனக்கு யோசனைதான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் நல்லவர் என்று கோயில் பங்குச் சுவாமி சொன்னார். நான் இந்த நாட்களில் சுவாமி சொன்னாலும் ஒருமுறை யோசிக்கிறேன். ஆனால் எனக்கு வேறு வழியில்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இங்கே யாரையும் நம்ப முடியவில்லை அக்கா. கடைக்காரன் தவிட்டில் மண் கலக்கிறான். பக்கத்து வளவுப் பெற்றிசியா முட்டை கேட்டு வந்தால் முட்டையை வாங்கிக்கொண்டு போகாமல், வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாள். யார் வந்தது, யார் போனது என்று அவளுக்கு ஏன் இந்த அக்கறை? வயது வந்த பிள்ளைகளைச் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஆமிக்காரருக்குத் தலையாட்டிக் காட்டிக் கொடுத்த ஊர் இது. அந்தச் சாக்குக்குள் யார் இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பயந்துதானே என் பிள்ளையை உங்களிடம் படகேற்றினேன்.

மரியதாஸின் கோழிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மனிதருக்குக்கூட அவன் அப்படிப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியதில்லை. காலையில் குறுணலும் தவிடும் பிசைந்து, பின்னேரம் முருங்கை இலை அரிந்து, சிப்பியை இடித்து மாவாக்கி முட்டையிடும் கோழிக்குத் தனியாக வைப்பான். மீன் குடலானாலும் அவித்துத்தான் போடுவான். உப்பை மட்டும் கிட்ட விடமாட்டான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள் கருவாடு காயப்போட்ட பாயை முற்றத்தில் உதறிவிட்டார். நம் கரையில் எல்லோரும் செய்கிறதுதான். கோழிகள் கொத்தித் தின்றுவிட்டுத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தன, பிறகு கால் தள்ளாடி ஒவ்வொன்றாக விழுந்தன. மீசை முளைத்த பிள்ளை அன்றைக்கு அழுதான். அன்றிலிருந்து இந்த வளவில் கோழிக்கு உப்புத் துண்டு விழுந்தால் தகப்பனென்றும் பாரான், தாயென்றும் பாரான். படகேறப் போகிற நேரமும் "அம்மா, கருவாடு மட்டும் போட்டிடாதேங்கோ" என்றுதான் சொல்லிப் போனான். தன்னைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள். போன கிழமை ஒரு பொடியன் வந்தான். தான் மண்டபத்தில் இருந்து வருவதாகவும், மரியதாஸும் தானும் ஒரே கோப்பையில் சாப்பிட்டவர்கள் என்றும் சொன்னான். என்னை அன்ரி, அன்ரி என்றான். முகாமில் கிடந்து வந்தவன் போல இல்லை, கன்னத்தில் சதை இருந்தது. கடல் தாண்டி வந்தவனின் சட்டையில் இஸ்திரி மடிப்பு. ஆனாலும் அவன் கொண்டைச்சியைக் கேட்டான், வெள்ளைச்சியைக் கேட்டான். "நொண்டிச்சி எப்பிடி இருக்கு அன்ரி?" என்றான். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு இளகிவிட்டது. கோழிகளின் பெயர் என் பிள்ளையின் வாயால் அல்லாமல் வேறு யாரால் அவனுக்குத் தெரியும்? தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.

அப்போது பின்னால் நின்று சொன்னான்: "உங்கட மகன் சொல்லிவிட்டவர், கோழியளுக்குக் கருவாட்டுத் தலை இடிச்சுப் போடட்டாம். நொண்டிச்சிக்குக் கொஞ்சம் கூடப் போடட்டாம்." நான் திரும்பிப் பாராமல் தேத்தண்ணீருக்குச் சீனி போட்டேன். அதற்கு அடுத்த பேச்சாகவே, மரியதாஸை ஏற்றிச் சென்ற படகுக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டான். அவரைப் பிடித்தால் மகனைப் பத்திரமாகக் கூட்டி வந்துவிடலாமாம்.

அவன் போனபின் இருந்து யோசித்தேன். இதைச் சொல்லிவிட்டது மரியதாஸ்தான். ஆனால் மனதறிந்து பிழையாகச் சொல்லியிருக்கிறான். இவனை நம்பாதே அம்மா என்று எனக்கு மட்டும் விளங்கும்படி சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் அவன் மண்டபத்தில் இல்லை அக்கா. திரும்பி வரும் வழியில் யாரோ பிடித்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. எந்த அறையில் வைத்து என்ன செய்து கேட்டார்களோ, பிள்ளை கோழிக் கதை சொல்லியிருக்கிறான்.

படகுக்காரர் சிலாவத்துறைப் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டார் போல, விசாரித்துச் சொல்கிறேன் என்று அவனுக்குச் சொல்லி வைத்தேன். அது முழுப் பொய். முந்தாநாள் அவன் திரும்ப வந்தான். கையில் ஒரு பை, பை நிறையக் கருவாட்டுத் தலை. தானே வாங்கி வந்தானாம். வாசல் கதிரையில் இருந்துகொண்டு, "போடுங்கோ அன்ரி, தின்னுறதைப் பாப்பம்" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னான். கண் சிரிக்கவில்லை.

போடாமல் விட்டால் என்ன ஆகும்? மகன் சொன்னதைத் தாய் ஏன் செய்யவில்லை என்று அவனுக்கு விளங்கிவிடும். அந்தப் பிழையைச் சொன்ன வாய்க்கு அங்கே என்ன கிடைக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. நான் உரலை எடுத்து இடித்தேன். "என்ர பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே அள்ளி வீசினேன். ஐயோ அக்கா, அதுகள் எவ்வளவு ஆசையாக ஓடி வந்தன தெரியுமா? பின்னேரத் தீன் என்று நினைத்துவிட்டன. நொண்டிச்சிக்குக் கொஞ்சம் கூடப் போட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் படலை தாண்டியதும் சட்டி சட்டியாகத் தண்ணீர் வைத்தேன். நொண்டிச்சி செத்துவிட்டது. மற்றவை கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. பெற்றிசியா வேலிக்கு மேலால் பார்த்து, "கோழிக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள். வெயில் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவன் திரும்ப வருவான். மிச்சத் தலைகள் பையில் இருக்கின்றன. அவன் முன்னால் அதையும் போடுவேன். கொண்டைச்சியும் வெள்ளைச்சியும் போகட்டும். படகுக்காரர் பெயர் என் வாயில் வராது. அவருக்கும் பெண்டில் பிள்ளைகள் உண்டு.

அக்கா, நான் சிறுவயதிலிருந்தே சந்தேகக்காரி என்று நீங்கள் எல்லோரும் பகிடி பண்ணுவீர்கள். அம்மாவின் தீர்த்தச் சிமிழைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் தொடுவேன் என்று சிரிப்பீர்கள். இந்த ஒருமுறை என் சந்தேகம் பிழையாகப் போகட்டும் என்று முழங்காலில் நிற்கிறேன். மரியதாஸ் அங்கே உங்கள் குடிலில் சாய்ந்து படுத்துக்கொண்டு, அந்தப் பொடியனிடம் யோசிக்காமல் ஏதோ சொல்லிவிட்டிருக்கட்டும். கோழிக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை என் பிள்ளை மறந்துவிட்டான் என்று ஒரு வரி எழுதுங்கள். தாயையும் மறந்துவிட்டான் என்று சேர்த்து எழுதினாலும் சந்தோசப்படுவேன்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும், உங்களோடு அவன் இருந்தால் அவனையும், இல்லாவிட்டால் அவன் இருக்கிற இடத்தில் அவனையும் காப்பாராக.

உங்கள் தங்கை
மதலேனா